சொல்லிக் கொடுக்க நேரம் எங்கே? வாசகர் கேள்விகளும் செவிலிய ஆசிரியர்களின் பதில்களும்

மருத்துவமனையில் நோயாளிக்கும் வீட்டாருக்கும் செவிலியர்கள் சொல்லித் தருவது சில வார்டுகளில் மனதில் நிற்கிறது, பல வார்டுகளில் காற்றோடு போகிறது. ஏன் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு, செவிலியக் கல்வியிலும் வார்டு நிர்வாகத்திலும் இருப்பவர்கள் இந்த இதழில் பதில் எழுதுகிறார்கள்.

கேள்வி: பொது மருத்துவ வார்டில் வேலை. ஒரு ஷிப்டுக்கு நாங்கள் இரண்டு பேர், நோயாளிகள் முப்பதைத் தாண்டும். மருந்து, டிரிப், ரத்த சாம்பிள், புது அட்மிஷன் என்று ஓடி முடிக்கவே ஷிப்ட் போதவில்லை. கூட்டம் போட்டால் மட்டும் 'நோயாளிக்குச் சொல்லிக் கொடுங்கள்' என்கிறார்கள். எந்த நேரத்தில்? (ஒரு ஸ்டாஃப் நர்ஸ்)

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. இது எல்லா நாட்டுச் செவிலியர்களுக்கும் உள்ள பாடு. 12 ஐரோப்பிய நாடுகளின் மருத்துவமனைகளில், 'கடைசியாகப் பார்த்த ஷிப்டில் நேரம் இல்லாமல் எந்த வேலையை விட்டீர்கள்?' என்று செவிலியர்களைக் கேட்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஏறக்குறைய 10 பேரில் 4 பேர், நோயாளிக்கும் குடும்பத்துக்கும் சொல்லிக் கொடுப்பதை விட்டதாகச் சொன்னார்கள். ஓர் ஊசி விட்டுப்போனால் அன்றைக்கே கேள்வி வரும். சொல்லிக் கொடுப்பது விட்டுப்போனால் வார்டில் யாருக்கும் தெரியாது. தெரியவரும்போது நோயாளி வீட்டில் இருப்பார். நெருக்கடி வந்ததும் முதலில் இந்த வேலை கைநழுவுவது அதனால்தான்.

இருக்கிற ஆட்களை வைத்துச் செய்யக்கூடியது, இதற்கென்று தனியாக அரை மணி நேரம் தேடுவதை நிறுத்துவது. அந்த அரை மணி எந்த வார்டிலும் கிடைக்காது. எப்படியும் கட்டிலருகே போகிற வேலையோடு இதையும் சேர்த்துவிடுங்கள். புதிதாக இன்சுலின் தொடங்கிய ஒருவர் 4 நாள் தங்குகிறார், நாளுக்கு 2 ஊசி என்று வையுங்கள். 8 முறை அவரிடம் போகப் போகிறீர்கள். ஒவ்வொரு முறையும் 3 நிமிடம் கூடுதலாக நின்றால் 24 நிமிடம் ஆகிறது. டிஸ்சார்ஜ் நாளில் ஒரே மூச்சில் ஒப்பிக்கும் 20 நிமிடத்தைவிட இது பல மடங்கு பலன் தரும்.

முதல் நாள் நீங்கள் போடுங்கள், செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுங்கள், அவர் பார்க்கட்டும். இரண்டாம் நாள் மருந்தை அவர் இழுக்கட்டும். அளவைச் சரிபார்த்துவிட்டு ஊசியை நீங்கள் போடுங்கள். மூன்றாம் நாள் அவரே போட்டுக்கொள்ளட்டும், உங்கள் கை அருகில் இருந்தால் போதும். நான்காம் நாள் நீங்கள் பேசாமல் நின்று பாருங்கள். எங்கே தடுமாறுகிறார் என்பது அப்போதுதான் தெரியும்.

தவறு நடக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். கலங்கலான இன்சுலினை உருட்டாமல் இழுப்பது (கைகளுக்கு நடுவே மெதுவாக 10 முறை உருட்டி, 10 முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது). வலிக்காத இடம் என்று ஒரே இடத்தில் குத்திக் குத்தி அங்கே கட்டி தட்டிப்போவது. கட்டியில் போட்ட மருந்து சீராக உடம்பில் சேராது. தொப்புளிலிருந்து குறைந்தது 5 செ.மீ. தள்ளி, முந்தின இடத்தைவிட்டு 1 செ.மீ.யாவது விலகிப் போடச் சொல்லுங்கள். பேனா வடிவ இன்சுலின் கருவி என்றால் பொத்தானை அழுத்திய பின் 10 விநாடி அப்படியே வைத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது சிரிஞ்சு மாறிப்போவது. ஒரு மி.லி.க்கு 40 யூனிட் உள்ள இன்சுலினும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. சிரிஞ்சும் அதற்கேற்ப மாறும்; மூடி பெரும்பாலும் 40-க்குச் சிவப்பு, 100-க்கு ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தை 40-க்கான சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். சர்க்கரை சரிந்து நினைவு தப்பப் போதுமான அளவு அது. குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் உள்ள எண்ணை நோயாளியையே படிக்கச் சொல்லுங்கள்.

இதோடு தொடர்புள்ள இன்னொன்று: வீட்டுக்கு எந்தக் கருவி போகிறதோ அதை வைத்தே பழக்குங்கள். வார்டில் தானாக மூடிக்கொள்ளும் பாதுகாப்பு ஊசி இருக்கும், வீட்டுக்குச் சாதாரணப் பேனா ஊசி போகும். சாதாரண ஊசியில் உள்மூடியைத் தனியாகக் கழற்ற வேண்டும். அதை யாரும் காட்டாததால் மூடியோடு அழுத்தி, மருந்தே உள்ளே போகாமல் சர்க்கரை எகிறியவர்கள் உண்டு. அமெரிக்காவில் இதற்காகவே மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கை வந்தது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்று மீதி இருக்கிறது. முப்பது பேருக்கு இரண்டு பேர் என்பது சாமர்த்தியத்தால் மட்டும் சமாளிக்கக்கூடிய கணக்கு அல்ல. எந்த ஷிப்டில் யாருக்குச் சொல்லிக் கொடுக்க முடியாமல் போனது என்று பொறுப்பேற்பு நோட்டில் ஒரு வரி எழுதிவையுங்கள். ஆள் கேட்கும்போது மேலிடத்தில் காட்ட அந்த எழுத்து வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் எல்லாம் விளக்கினார். 'புரிஞ்சுதா ஐயா?' என்றார், அப்பாவும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து கேட்டால் ஒன்றும் நினைவில்லை என்கிறார். தப்பு யார் மேல்? (ஒரு மகள்)

பதில்: அந்தக் கேள்வி மேல்தான். 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் 'ம்' என்பதைத் தவிர வேறு பதில் வராது. 'புரியலை' என்று சொல்ல வெட்கம், சிஸ்டருக்கு வேலை இருக்கிறதே என்ற தயக்கம், சீக்கிரம் வீட்டுக்குப் போகும் அவசரம், மூன்றும் சேர்ந்து தலையை ஆட்டவைக்கும். மருத்துவ விஷயமாகக் கேட்டதில் 40 முதல் 80 சதவீதம் வரை உடனே மறந்துபோகும் என்று நினைவாற்றல் ஆய்வுகள் சொல்கின்றன. நினைவில் நின்றதிலும் ஏறத்தாழ பாதி தவறாக நிற்கிறது. அப்பா அசட்டையாக இருந்தார் என்று நினைக்க வேண்டாம்.

செவிலியர்கள் கேட்க வேண்டிய முறை வேறு. 'நான் தெளிவாகச் சொன்னேனா என்று பார்க்கணும். வீட்டுக்குப் போனதும் இந்தக் கட்டை எப்படி மாத்துவீங்கன்னு எனக்குச் சொல்லுங்க' என்று கேட்க வேண்டும். பரீட்சை நோயாளிக்கு இல்லை, சொன்னவருக்கு என்பது அந்த வார்த்தையிலேயே இருக்கிறது. அவர் சொல்வதில் ஓட்டை இருந்தால் அதே வாக்கியத்தை உரக்கத் திருப்பிச் சொல்வதில் பயனில்லை. வேறு விதமாக, முடிந்தால் கையால் செய்துகாட்டி, மறுபடி கேட்க வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று விஷயம் போதும். அதற்குமேல் ஏற்றினால் முதலில் சொன்னதும் போய்விடும்.

சொன்ன நேரமும் முக்கியம். மயக்க மருந்து கொடுத்து 24 மணி நேரம் ஆகாதவரிடமும், வலியில் முகம் சுளிப்பவரிடமும் சொல்வது வீண். வலிமாத்திரை கொடுத்து அது வேலை செய்யத் தொடங்கிய பிறகு உட்கார வேண்டும். மூக்குக் கண்ணாடியும் காதுக் கருவியும் பையில் கிடக்க, விளக்கம் மட்டும் நடந்துகொண்டிருப்பதை வார்டுகளில் அடிக்கடி காணலாம். வீட்டில் கட்டு மாற்றப் போவது நீங்கள் என்றால் அந்த நேரத்தில் கட்டிலருகே இருக்க வேண்டியவரும் நீங்கள்தான். யார் கவனித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று செவிலியர் கேட்காவிட்டால், நீங்களே முன்வந்து சொல்லிவிடுங்கள்.

இப்போதைக்கு, டிஸ்சார்ஜ் சீட்டில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். தையல் எப்போது பிரிக்க வேண்டும்? எந்த மாத்திரை எத்தனை நாள்? எது நடந்தால் காத்திருக்காமல் வர வேண்டும்? காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, சீழ், நாற்றம், குறையாத காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி, தையல் விரிவது, இவற்றில் ஒன்று கண்டாலும் மறுவருகைத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: மூன்றாம் ஆண்டு நர்சிங் மாணவி. ஆஸ்துமா பற்றிப் பத்துப் பக்கம் எழுதிவிடுவேன். நோயாளி முன்னால் நின்றால் வாய் வரவில்லை. எனக்குப் பாடம் போதவில்லையா?

பதில்: பாடம் போதும். நோய் எப்படி வருகிறது என்பதைப் படித்திருக்கிறீர்கள். நோயாளிக்கு வேண்டியது காலையில் எழுந்ததும் என்ன செய்வது என்பது. இரண்டும் வேறு வேறு அறிவு. பெரும்பாலான பாடத்திட்டங்களில் முதலாவதற்கு மணிக்கணக்கு உண்டு, இரண்டாவதற்கு ஒரு வகுப்போடு சரி. செவிலியர் வேலையில் சேர்ந்த பிறகும் சொல்லிக் கொடுக்கும் திறனுக்கென்று பயிற்சி கிடைப்பது அரிது. தன்னம்பிக்கை இல்லாதவர் இந்த வேலையைத் தள்ளிப்போடுகிறார், தள்ளிப்போடுவதால் பழக்கம் வருவதே இல்லை.

இன்ஹேலரையே எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தில்லாத பயிற்சி இன்ஹேலர் ஒன்றைக் கையில் வைத்து, நீங்களே ஐம்பது முறை செய்துபாருங்கள். அழுத்தினால் பீய்ச்சும் வகை என்றால்: மூடியைக் கழற்று, குலுக்கு, மூச்சை முழுதாக வெளியே விடு, இன்ஹேலரின் வாய்ப்பகுதியை வாயில் வைத்து உதட்டை இறுக்கி மூடு, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் அழுத்து, 3 முதல் 5 விநாடி வரை இழு, 10 விநாடி அடக்கு, பிறகு விடு. அடுத்த பீய்ச்சலுக்கு முன் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பொறு. ஸ்டீராய்டு மருந்து என்றால் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல். இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் படலம் வரும், குரல் கம்மும்.

இதில் எல்லோரும் அழுத்துவார்கள். அடிக்கடி பிசகுவது மூன்று இடத்தில். மூச்சை முன்கூட்டி வெளியே விடுவதில்லை, உறிஞ்சுவது போல வேகமாக இழுக்கிறார்கள், அடக்குவதில்லை. வேகமாக இழுத்தால் மருந்து தொண்டைச் சுவரில் மோதி அங்கேயே தங்கிவிடும், நுரையீரலுக்குப் போகாது. இந்தக் காரணத்தை ஒரே வரியில் சொல்லுங்கள், அந்த வரி போதும். மூச்சுக்குழல் அழற்சியின் வேதியியல் வேண்டாம். அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றுசேராதவர்களுக்கு ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் குழல்) வைத்துக் காட்டுங்கள். ஸ்பேசருக்குள் ஒரு தடவைக்கு ஒரு பீய்ச்சல்தான். பொடியை உறிஞ்சும் வகை இன்ஹேலர் கைக்கு வந்தால் மேலே சொன்ன வேகம் தலைகீழாகும்: அதைப் பலமாகவும் வேகமாகவும் இழுக்க வேண்டும். ஒரே நோயாளியிடம் இரண்டு வகையும் இருந்தால் கட்டாயம் குழப்பம் வரும், இரண்டையும் ஒரே நாளில் சொல்லித் தராதீர்கள்.

வாய் வராததற்கு மருந்து இதுதான். கையில் பொருளை எடுங்கள், பேச்சு தானாக வரும்.

கேள்வி: நோயாளி கேட்டதற்குப் பதில் சொன்னேன். 'இதையெல்லாம் நீங்க ஏன் சொல்றீங்க?' என்று டாக்டர் எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டார். அதிலிருந்து எது கேட்டாலும் 'டாக்டரைக் கேளுங்க' என்று சொல்லிவிடுகிறேன். (வார்டு பொறுப்புச் செவிலியர்)

பதில்: 'டாக்டரைக் கேளுங்க' என்ற வாக்கியம் எத்தனை வார்டுகளில் இப்படிப் பிறந்திருக்கிறது! எல்லை எழுத்தில் இல்லாத இடத்தில் பாதுகாப்பான வழி மௌனம் என்று ஆகிவிடுகிறது. மருத்துவர் நர்ஸ் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறார், நர்ஸ் மருத்துவர் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறார், நோயாளி பக்கத்துக் கட்டில்காரரிடம் கேட்டுக்கொள்கிறார்.

நோய் இன்னது என்று முதலில் அறிவிப்பது, பரிசோதனை முடிவின் பொருள், சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது, பிழைக்கும் வாய்ப்பு போன்றவை மருத்துவர் வாயிலிருந்து வர வேண்டும். மருந்தை எப்படி எப்போது எடுப்பது, கருவியைக் கையாள்வது, காயம், கதீட்டர் (சிறுநீர்க் குழாய்), ஸ்டோமா பை (வயிற்றில் வைத்த துளையில் மாட்டும் கழிவுப் பை) பராமரிப்பு, நடமாட்டம், ஆபத்தின் அறிகுறிகள் ஆகியவை செவிலியரின் பங்கு. அவை செவிலியப் பணியின் உள்ளேயே உள்ளவை, யாரும் இரங்கிக் கொடுத்த அனுமதி அல்ல. உங்கள் வார்டில் அதிகம் வரும் ஐந்து நோய்களுக்கு, என்ன சொல்ல வேண்டும், யார் சொல்ல வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். துறைத் தலைவரும் தலைமைச் செவிலியரும் அதில் கையெழுத்திடட்டும். அதன்பிறகு கேள்வி வந்தால் அந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

அந்தத் தாள் இன்னொரு தலைவலியையும் தீர்க்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவரிடம் ஒருவர் 'கீரையே தொடாதே' என்பார், இன்னொருவர் 'எதையும் சாப்பிடு' என்பார். நோயாளி இருவரையும் நம்பாமல் போவார். சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கீரையின் அளவு வாரத்துக்கு வாரம் ஒரே சீராக இருக்கட்டும், திடீரென்று கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். மாத்திரை தினமும் ஒரே நேரத்தில். ஒரு வேளை தவறினால் அடுத்த நாள் இரட்டிப்பாக எடுக்கக் கூடாது. ஐபுபுரொஃபேன் போன்ற வலிமாத்திரையைக் கேட்காமல் போடக் கூடாது. மலம் கறுத்தாலோ, தலையில் அடிபட்டாலோ உடனே வர வேண்டும். ஐந்து வாக்கியம். யார் சொன்னாலும் அதே ஐந்தாக இருக்க வேண்டும்.

கேள்வி: நல்ல கையேடு அச்சடித்துக் கொடுத்துவிட்டால் போதாதா?

பதில்: போதாது. கையேடு சொன்னதை நினைவூட்டும், சொல்வதன் இடத்தைப் பிடிக்காது. கொடுப்பதானால் ஒரு தாளில், குறைந்தது 12 புள்ளி எழுத்தில், ஐந்தாறாம் வகுப்பு படித்தவருக்கு விளங்கும் வாக்கியங்களில் கொடுங்கள். கொடுக்கும்போது அவர் பெயரை எழுதி, அவருக்குரிய மருந்தளவைப் பேனாவால் சுழியுங்கள். சுழித்த தாளைத்தான் மக்கள் பத்திரப்படுத்துகிறார்கள். படிக்கத் தெரியாதவர் அதைச் சொல்ல மாட்டார். 'கண்ணாடி கொண்டுவரலை', 'வீட்டுக்குப் போய் நிதானமா பாக்கறேன்' என்பார். அப்படிக் கேட்டால் தாளை ஓரமாக வைத்துவிட்டு மாத்திரைகளைக் கையில் எடுத்துக் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் கேஸ் ஷீட்டில் 'நோயாளிக்கு விளக்கப்பட்டது' என்ற கட்டம் எல்லாவற்றிலும் நிரம்பியிருக்கிறது. ஆனாலும் அதே நோயாளிகள் அதே காரணத்துக்காக இரண்டு வாரத்தில் திரும்பி வருகிறார்கள். எங்கே கை வைப்பது? (நர்சிங் சூப்பரின்டென்டென்ட்)

பதில்: முதலில் அந்தக் கட்டத்திலேயே கை வையுங்கள். 'விளக்கப்பட்டது' என்பது செவிலியர் செய்ததைச் சொல்கிறது, நோயாளிக்கு வந்ததைச் சொல்லவில்லை. அதை எடுத்துவிட்டு, நோயாளி செய்துகாட்டியதை ஒரு வரி எழுத இடம் விடுங்கள்: 'தானே ஊசி போட்டார், இடம் மாற்றத் தெரியவில்லை, நாளை மறுபடி'. அடுத்த ஷிப்டில் வருபவர் எங்கிருந்து தொடர்வது என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார். ஷிப்ட் மாறும்போது ஒப்படைக்கும் தகவலிலும் இந்த வரி வர வேண்டும்.

அடுத்தது வேலையைப் பிரிக்கும் முறை. ஒருவர் எல்லோருக்கும் மருந்து, ஒருவர் எல்லோருக்கும் டிரெஸ்ஸிங், ஒருவர் பதிவேடு என்று வேலைவாரியாகப் பிரித்த வார்டில் எந்த நோயாளிக்கும் சொந்தக்காரர் கிடையாது. சொல்லிக் கொடுப்பது யார் பட்டியலிலும் இல்லாமல் விழுந்துவிடுகிறது. அதே ஆட்களை நோயாளிவாரியாகப் பிரித்து, கூடியவரை அடுத்தடுத்த நாளும் அதே கட்டில்களைக் கொடுத்துப் பாருங்கள். ஆள் கூட்டாமலே மாற்றம் தெரியும் இடம் இது. எங்களைக் கேட்டால், பயிற்சி வகுப்பு நடத்துவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும் என்போம்.

டிஸ்சார்ஜ் நேரமும் ஒரு சிக்கல். காலை ரவுண்டில் 'இன்று போகலாம்' என்று அறிவித்து மதியத்துக்குள் கட்டிலைக் காலி செய்யச் சொன்னால், பில், மாத்திரை, வண்டி என்ற அலைச்சலுக்கு நடுவே நோயாளி எதையும் கேட்க மாட்டார். போகப்போகும் நாளை முந்தின மாலையே செவிலியருக்குத் தெரியப்படுத்த மருத்துவர்களோடு ஏற்பாடு செய்யுங்கள். திரைச்சீலை இழுத்துவிடக்கூடிய ஒரு மூலை, பயிற்சி இன்ஹேலர், காலாவதியாகாத மாதிரிக் கருவிகள் போதும். கூடவே, நீங்கள் ரவுண்டு வரும்போது படுக்கை விரிப்பையும் பதிவேட்டையும் மட்டும் பார்க்காமல், ஒரு நோயாளியிடம் 'வீட்டுக்குப் போய் என்ன பண்ணப் போறீங்க?' என்று கேளுங்கள். மேலதிகாரி எதைக் கேட்கிறாரோ அதற்குத்தான் வார்டில் நேரம் கிடைக்கும்.

வீட்டுக்குப் போன பிறகு ஒரு போன். பாஸ்டனில் ஒரு மருத்துவமனை செய்து 2009-ல் வெளியிட்ட சோதனையில், ஒரு செவிலியர் டிஸ்சார்ஜ் ஏற்பாட்டை முழுப் பொறுப்பாகப் பார்த்து, எழுத்தில் திட்டம் கொடுத்தார்; 2 முதல் 4 நாளுக்குள் மருந்தாளுநர் ஒருவர் போனில் அழைத்து மருந்துகளைச் சரிபார்த்தார். 30 நாளுக்குள் அவசரப் பிரிவுக்கோ வார்டுக்கோ திரும்பி வருவது ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. போனில் 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்டு வைத்துவிட்டால் பலனில்லை. 'மாத்திரைகளை எடுத்துட்டு வாங்க, ஒவ்வொண்ணா படிங்க' என்று கேட்க வேண்டும். வாங்காத மாத்திரையும் இரண்டு பெயரில் வாங்கிய ஒரே மாத்திரையும் அப்போதுதான் வெளியே வரும்.

கேள்வி: நர்ஸிடம் எதைக் கேட்டாலும் சிடுசிடுக்கிறார்கள். நோயாளி எப்போது, எப்படிக் கேட்டால் பதில் கிடைக்கும்?

பதில்: ஷிப்ட் மாறும் நேரத்திலும், மருந்து வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போதும் கேட்காதீர்கள். மருந்து எடுக்கும்போது குறுக்கிட்டால் அளவு தவறும் ஆபத்து உண்டு, அவர்கள் எரிச்சல்படுவதில் நியாயமும் உண்டு. உங்கள் கட்டிலில் ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது, 'சிஸ்டர், மூணு சந்தேகம் இருக்கு, எப்ப கேக்கலாம்?' என்று எண்ணிக்கையைச் சொல்லிக் கேளுங்கள். கேள்விகளை எழுதிவையுங்கள். பதிலைக் கேட்டதும் நீங்களாகவே உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள், தவறு இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்கள்.

எந்த எண்ணைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும் என்பதைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். இன்சுலின் எடுப்பவருக்குச் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் திரும்பக் குடிக்க வேண்டும். விழுங்க முடியாத நிலையில் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். இதயம் பலவீனமானவர் தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடுமுன், ஒரே மாதிரி உடையில் எடை பார்க்க வேண்டும். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது உடம்பில் நீர் கோர்ப்பதன் அறிகுறியாக இருக்கலாம், மூச்சு வாங்கும்வரை காத்திருக்காமல் அழைக்க வேண்டும். உங்கள் நோய்க்கான எண் எது, இரவில் எந்தத் தொலைபேசிக்கு அழைப்பது என்ற இரண்டையும் டிஸ்சார்ஜ் சீட்டின் மேலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.